இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு பாட்காஸ்ட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. என் அக்கா எழுதச் சொன்னாள்.

"முதல்ல கதையா எழுதிக் கொண்டா. படிச்சுப் பாக்கிறேன். அப்புறம் அந்த ரெக்கார்டிங்கை வெளிய விடலாமா, அழிக்கலாமான்னு சொல்றேன்" என்றாள். இத்தனைக்கும் என் புத்தகங்களில் ஒன்றைக்கூட அட்டையைத் தாண்டிப் படிக்காதவள் அவள்.

[ரெண்டாவது புத்தகம் பாதி படிச்சேன். அதுல யாருமே சிரிக்கல.]

மேலே அடைப்புக்குறிக்குள் இருப்பது அக்கா. அச்செடுத்துக் கொடுத்த தாளில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தாள். அதில் ஒன்றையும் நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே வாசகரே, கதை நெடுகிலும் அவள் குறுக்கே வருவாள். நான் பிறந்த நாளிலிருந்து எனக்கு அப்படித்தான், உங்களுக்கும் போகப்போகப் பழகிவிடும்.

2

தொடக்கம் வரவில்லை. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் முயற்சி: "மனிதன் உயரத்தை வென்றுவிட்டான். ஆனால் அந்த உயரத்தில் தன்னைச் சுமந்து செல்லும் சிறு பெட்டியைப் பற்றி அவன் ஒருபோதும் —"

[யாருடா இந்த மனிதன்?]

இரண்டாவது முயற்சி: "இருட்டு. மூச்சுச் சத்தம். ஒரு பெண்ணின் கை சுவரைத் தடவி —"

[பேய்க் கதையா? இதைப் படிச்சிட்டு எவன் லிஃப்ட்ல ஏறுவான்? கடையை மூட வேண்டியதுதான்.]

சரி, கடையிலிருந்தே தொடங்குகிறேன். அக்காவும் அத்தானும் நடத்துவது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரே அறை. ஒரு சுவர் முழுக்கத் தகர அலமாரி, அதில் லிஃப்ட் பொத்தான்களும் கதவு உருளைகளும் கிரீஸ் டப்பாக்களும். இந்தப் பக்கம் அத்தானின் மேசை. எதிரே, ஜன்னலோரம், அக்காவின் மேசை. அதன்மேல் ஒரு போன்.

அந்தப் போன்தான் இந்தத் தொழிலின் உயிர். வாடிக்கையாளர்களின் கட்டடங்களில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அவசர மணியை அழுத்தினாலும் இங்கேதான் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அக்கா அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். அத்தான் லிஃப்டைச் சரிசெய்பவர், அக்கா ஆளைச் சரிசெய்பவள். (இந்த வாக்கியம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அக்கா அதன்கீழ் இரண்டு கோடு போட்டு வைத்திருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

இப்போது பிரச்சினை. ஊருக்குள் ஒரு பெரிய கம்பெனி வந்துவிட்டது. பளபளப்பான சட்டை போட்ட ஆட்கள் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்கி வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அவசர எண்ணில் பேசுவது இயந்திரம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அது மூச்சுவிடாமல் சொல்லும். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய குடியிருப்பும் தடுமாற ஆரம்பித்தது. மாதக் கடைசியில் அவர்களுடைய சங்கம் கூடி முடிவெடுக்கும். அது கைநழுவினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தான் எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டு வந்து சொன்னார்: "மச்சான், நாம ஒரு பாட்காஸ்ட் போடணும். குரலைக் கேட்டாத்தான் நம்பிக்கை வருமாம்." என்னைப் பார்த்து, எழுத்தாளன் சும்மாதானே இருக்கிறான் என்ற கண்ணோடு சொன்னார்.

3

தொழிலுக்காகப் பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி பயன்படலாம். நாங்கள் செய்தவற்றைச் செய்யாதீர்கள்.

முதல் பகுதிக்கு அத்தான் வைத்த தலைப்பு 'மின்தூக்கிகளின் பராமரிப்பு: ஓர் எளிய அறிமுகம்'. வாழ்நாளில் லிஃப்ட் என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாத மனிதர், மைக்கைப் பார்த்ததும் மின்தூக்கி என்றார். குரல் வேறு மாறிவிட்டது. பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை வாசிப்பவர் யாரோ அவருக்குள் புகுந்துகொண்டார். கேட்டவர்கள் நான், அத்தான், அத்தானின் தம்பி. தம்பி பாதியிலேயே இறங்கிக்கொண்டார்.

சரி, தரத்தை உயர்த்துவோம் என்று முடிவெடுத்தோம். நல்ல மைக் வந்தது. எதிரொலி அடங்க அலமாரிமேல் போர்வை தொங்கியது. தொடக்கத்தில் இசை வேண்டும் என்றார் அத்தான். நான் தேடிப் போட்ட இசையைக் கேட்டுவிட்டு, செய்தி வாசிக்கப் போகிறார்களா என்று அக்கா கேட்டாள்.

விருந்தினர் இருந்தால் கலகலப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். இருபது வருடமாக எங்களிடம் வேலை செய்யும் தலைமை மெக்கானிக்கை உட்கார வைத்தோம். அவரை எல்லோரும் 'சரிங்க' என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்பது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. 'லிஃப்டில் மாட்டிக்கொண்டால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நேயர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்' என்று அத்தான் கேட்கிறார். 'சரிங்க' என்கிறார் அவர். அதற்குப் பிறகு மௌனம். நீண்ட, சுத்தமான, நல்ல மைக்கில் பதிவான மௌனம்.

அந்த மௌனத்தை வெட்டி எறிய உட்கார்ந்தபோதுதான் அதற்குள் ஏதோ கேட்டது. ஒலியைக் கூட்டினேன். அறையின் அந்தக் கோடியில் போன் அடித்திருக்கிறது, அக்கா எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். மறுமுனைக் குரல் இல்லை, அவளுடையது மட்டும்.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்லமாட்டேங்க. பயமாத்தான் இருக்கும். செருப்பைக் கழட்டிட்டுத் தரையில காலை வைங்க. சில்லுன்னு இருக்கா? ம். இப்பச் சொல்லுங்க, வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணப் போறீங்க?"

அந்தப் பக்கத்து ஆள் ஏதோ சொல்ல, அக்கா சிரித்தாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கே யாரோ கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "இது தினமும் பேசுறதுதானே" என்றார்.

அதேதான் பாட்காஸ்ட் என்றேன் நான்.

4

இங்கே கதாசிரியனாக எனக்கு ஒரு சிக்கல் வருகிறது. அக்கா என்ற பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா?

ஏனென்றால் அவள் லிஃப்டில் ஏறுவதே இல்லை. தினமும் நான்கு மாடியும் படிதான். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பாள். அத்தான் போகிற இடமெல்லாம் என் மனைவியைப் பாருங்கள், இந்த வயதிலும் படியேறுகிறாள் என்று மார்தட்டிக்கொள்வார். லிஃப்டில் மாட்டியவர்களுக்கு ஆண்டுக்கணக்காகத் தைரியம் சொல்பவளுக்கு லிஃப்ட் என்றாலே குலை நடுங்கும். அந்தப் பதிவு நடக்கும்வரை அது கட்டிய புருஷனுக்கே தெரியாது, கூடப்பிறந்த எனக்கும் தெரியாது. இதை நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

[நம்பாட்டா போகட்டும். அவரு லிஃப்டைத்தான் பாப்பாரு. ஏறுறது யாருன்னு எங்க பாக்கிறாரு?]

நம்ப வைக்க ஒரு காரணம் தேவை என்று நினைத்து இப்படி எழுதினேன்: "சிறு வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது அவள் ஒரு பீரோவுக்குள் ஒளிந்தாள். வெளியே தாழ்ப்பாள் தானாக —"

[அடி விழும். எந்த பீரோ? எப்ப ஒளிஞ்சேன்? காரணம் ஒண்ணும் கிடையாது. பயம்னா பயம், அவ்வளவுதான். சில பேருக்குப் பல்லியக் கண்டா ஆகாது. அதுக்கு ஒரு பீரோ கதை தேடுவியா?]

பல்லி எனக்கு ஆகாது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. காரணம் இல்லாமலே தொடர்கிறேன்.

5

அக்கா பேசச் சம்மதிக்க ஒரு வாரம் பிடித்தது. நான் கெஞ்சினேன், அத்தான் கொஞ்சினார். கடைசியில் பெரிய குடியிருப்பின் சங்கக் கூட்டத்தை நினைத்துத்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

எங்கே பதிவு செய்வது? அறைக்குள் தெருச் சத்தம். அப்போது அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. லிஃப்ட்காரருக்குத் தவிர வேறு யாருக்கும் வராத யோசனை. "இந்தக் கட்டடத்துலயே சத்தம் வராத ரூம் நம்ம லிஃப்ட்தான். நாலு பக்கமும் அடைச்சது. ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டா ஈ பறக்கிற சத்தம்கூடக் கேக்காது" என்றார். சரிங்க, சரிங்க என்றார்.

அக்கா அதெல்லாம் முடியாது என்றாள். வேண்டுமானால் நான்காவது மாடியில் கதவைத் திறந்து வைத்து, வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றாள். அத்தான் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல். மற்ற அலுவலகங்களுக்கெல்லாம் விடுமுறை, கட்டடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. எல்லோருடைய போனையும் அக்காவின் மேசையில் வைத்தோம், நடுவில் அடித்துத் தொலைக்கக் கூடாதே. வாடிக்கையாளர்களின் அவசர அழைப்புகளை இன்னொரு மெக்கானிக்குக்குத் திருப்பிவிட்டோம்.

[இதைப் பெரிய எழுத்துல போடு. பொறுப்பில்லாதவங்கன்னு நினைச்சிடப் போறாங்க.]

எங்கள் கட்டடத்து லிஃப்டின் மணி மட்டும் பழைய ஏற்பாடு. அது அக்காவின் மேசையில்தான் அடிக்கும், வேறெங்கும் போகாது.

லிஃப்டுக்குள் நாலு முக்காலி. அக்கா கதவருகே ஒட்டி உட்கார்ந்தாள். மைக்கைச் சரிபார்த்தேன். கீழே தெருவில் ஏதோ வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. அத்தான் முகம் சுளித்தார். "ஒரே நிமிஷம்மா" என்று சொல்லிக்கொண்டே கதவை மூடும் பொத்தானையும் கீழ்மாடிப் பொத்தானையும் அழுத்திவிட்டார். லிஃப்ட் இறங்கியது. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் சரிங்க சாவியைத் திருகி நிறுத்தினார். சத்தம் அப்படியே அடங்கியது. அத்தான் வெற்றிப் புன்னகையோடு எங்களைப் பார்த்தார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மேடைக் கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மின்சாரம் போனது.

6

மின்சாரம் போனால் லிஃப்ட் தானாகப் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவு திறக்க வேண்டும். அதற்கென்று ஒரு பேட்டரி உண்டு. எங்கள் லிஃப்டின் பேட்டரி அப்போது ஒரு வாடிக்கையாளர் கட்டடத்தில் இருந்தது. அவசரத்துக்கு எதையாவது கழற்ற வேண்டுமென்றால் அத்தான் முதலில் கைவைப்பது எங்கள் லிஃப்டில்தான். நம்முடையதுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவசர விளக்கும் அப்படித்தான் எங்கோ போயிருந்தது.

அத்தான் பழக்க தோஷத்தில் மணியை அழுத்தினார். மணிக்குத் தனி பேட்டரி, அதை மட்டும் யாரும் கழற்றியிருக்கவில்லை. மேலே, ஆளில்லாத அறையில் அது அடிப்பது மெல்லக் கேட்டது.

"யாரும் எடுக்கலையே" என்றார்.

"எடுக்கிறவ இங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் ஊரின் பழைய நிறுவனம் மொத்தமும் ஒரு லிஃப்டுக்குள் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் பக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. என் மணிக்கட்டில் நகம் இறங்கியிருந்தது.

சரிங்க முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். "அக்கா, கயிறெல்லாம் அவ்வளவு சீக்கிரம் அறுந்துடாதுங்க."

"கயிறுன்னு சொல்லாதய்யா" என்றாள் அக்கா. மூச்சுக்கு நடுவே அவருக்குப் பாடமும் எடுத்தாள். மாட்டியவர்களிடம் கயிறு, அறுந்து, விழாது, இந்தச் சொற்களே வரக்கூடாது, விழாது என்றால்தான் விழுவது நினைவுக்கு வரும் என்றாள். பிறகு அவளால் பேச முடியவில்லை.

இருட்டில் ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. அது ஓடிக்கொண்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். அப்போது அத்தானின் குரல் வந்தது. வரவேற்புரைக் குரல் அல்ல.

"செருப்பைக் கழட்டு."

"என்ன?"

"செருப்பைக் கழட்டிட்டுத் தரையில காலை வை. சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு நாளா உனக்கு இப்படி?"

"எப்பவுமே."

"அப்ப படியேறினது?"

"இதுக்குத்தான்."

"நான் ஊர் பூரா பெருமையடிச்சிட்டுத் திரிஞ்சேனே" என்றார் அத்தான். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று பதிவைக் கேட்டாலும் தெரியாது.

[சிரிச்சேன்.]

"சரி, வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணப் போற?"

"உங்க மைக்கைத் தூக்கிக் குப்பையில போடப் போறேன்."

அத்தான் அதற்கும் ம் என்றார். அக்காவின் கேள்விகளை அவர் எதிர் மேசையிலிருந்து இத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வரிசை மாறாமல், தொனி மாறாமல் அப்படியே கேட்டார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் பிழைத்தேன்.

பிறகு அவர் தானாக ஒரு கேள்வி கேட்டார். "ஏன்மா எங்கிட்டச் சொல்லல?"

"லிஃப்ட்காரர் பொண்டாட்டிக்கு லிஃப்ட்னா பயம்னு தெரிஞ்சா, நம்பி யாராவது கூப்பிடுவாங்களா?"

"நான் கூப்பிடுவேன்" என்றார் அத்தான். "இப்பக்கூட மணியடிச்சு உன்னத்தானே கூப்பிட்டேன்."

அக்காவின் பிடி தளர்ந்தது. சிறிது நேரத்தில் விளக்கு வந்தது. சரிங்க சாவியைத் திருகினார், லிஃப்ட் மேலே போனது, கதவு திறந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் மட்டும் இறங்கவில்லை. உள்ளே நின்று மறுபடி மணியை அழுத்தினார். மேசையில் போன் அடித்தது.

"சொல்லுங்க, எந்தக் கட்டடம்?" என்று எடுத்தாள் அக்கா.

அவர் என்ன சொன்னார் என்பது பதிவில் இல்லை. நான் நிறுத்திவிட்டேன்.

[நல்ல வேளை.]

7

ஆக, எங்களிடம் ஒரே ஒரு நல்ல பகுதி இருக்கிறது. அத்தான் அதைக் கேட்டுவிட்டு இது நான்தானா என்றார். சங்கக் கூட்டத்துக்கு முன் அது வெளியே போனால் கடை பிழைக்கும் என்பது என் நம்பிக்கை. ஆனால் அதில் அக்காவின் ரகசியம் இருக்கிறது. "அவ சொன்னாப் போடு. இல்லேன்னா அழிச்சிரு. கடை போனாப் போகுது" என்றார் அத்தான். அக்கா இரண்டும் சொல்லாமல் என்னைக் கதை எழுத விட்டாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பகுதி வெளியாகிறது. ஊரே கேட்டு உருகுகிறது. பெரிய குடியிருப்பின் சங்கம் எங்களையே தொடர்வதென்று ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.

[ஒருமனதாவா? தண்ணித் தொட்டிக்கு என்ன பெயிண்ட்டுன்னுகூட அவங்க ஒருமனதா முடிவு பண்ணினது கிடையாது.]

முடிவு ஆ: பகுதி அழிக்கப்படுகிறது. அத்தான் மின்தூக்கிகளின் பராமரிப்பு இரண்டாம் பாகம் வாசிக்கிறார். கடை மெல்ல —

[சப்புன்னு இருக்கு. அதோட, ரெண்டாம் பாகம் வந்தா நானே கடையை மூடிடுவேன்.]

முடிவு இ: அதே உரையாடலை வேறொரு பெண்ணை வைத்துப் பேசவைத்து —

[என் குரலுக்கு வேற ஆளா? கொன்னுடுவேன்.]

நான்காவது முடிவு என்னுடையது அல்ல. கடைசித் தாளின் பின்புறம் பென்சிலில் இருந்தது. அப்படியே தருகிறேன்.

[படிச்சிட்டேன்டா. பரவாயில்ல, இதுல சிரிக்கிறாங்க. ஒண்ணு மட்டும் உறுத்துது. எனக்கு மணியடிக்கிறவங்க யாரா இருந்தாலும், பயந்தவங்களோ பயப்படாதவங்களோ, ஏறினவங்க. நானா ஏறினதே இல்ல. படியில போயிட்டு, நானும் உங்கள மாதிரிதான்னு பேசினா அது பொய். நாளைக்குக் காலையில கீழேருந்து நாலாவது மாடிக்கு லிஃப்ட்ல வரேன். தனியா. மேல வந்து சேந்தா நானே அதை வெளிய விடுறேன். வரலேன்னா அழிச்சிரு. யாரும் கெஞ்சக் கூடாது.]

8

இந்தப் பகுதியில் அடைப்புக்குறி வராது. அக்கா இதைப் படிக்கவில்லை. இதற்குள் நின்றுகொண்டிருக்கிறாள்.

தரைத்தளம், காலை. பேட்டரி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அவசர விளக்கும் வந்துவிட்டது. அத்தான் அதை மூன்று தடவை சரிபார்த்தார். சரிங்க மொட்டைமாடியில் மோட்டார் அறையில் நிற்கிறார். அத்தான் நான்காவது மாடியில் அக்காவின் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாற்காலியில் உட்காரவில்லையாம், நின்றுகொண்டிருக்கிறாராம். மணியடித்தால் எடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் வாசலோரம் நின்று போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் கதவு திறந்திருக்கிறது. அக்கா எதிரே நிற்கிறாள். தோளில் கைப்பை. செருப்பை இப்போதே கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். அவளுக்கு இடது பக்கம் படி.

இந்தக் கதவு கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். திறந்தே இருக்க வேண்டுமென்றால் ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். என் இரண்டு கையும் எழுதிக்கொண்டிருக்கின்றன. எழுதுவதை நிறுத்தினால் இது முடிந்துவிடும்.

வாசகரே, நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்கள். இப்படி வாருங்கள். கதவுக்கு வலது பக்கம், வெளியே, ஒரு பொத்தான் இருக்கும். மேல்நோக்கி அம்பு போட்டது. அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அவளை அவசரப்படுத்த வேண்டாம். உள்ளே போனால் கையை எடுத்துவிடுங்கள், நான்கை அவளே அழுத்திக்கொள்வாள். படிப்பக்கம் திரும்பினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள், கையை எடுத்துவிடுங்கள், போதும்.

பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிடித்துவிட்டீர்களா? சரி, நான் எழுதுவதை நிறுத்துகிறேன்.